நம்பர் ஏறாத ஜோடி

காலையில் ஆறாம் நம்பர் என்று அளந்து எழுதி வைத்த ஷூ, மதியம் மறுபடி அளந்தபோது ஐந்தாம் நம்பராக இருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் திட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து இன்னொரு முறை அளந்தாள். காலையில் உள்நீளம் இருநூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர். இப்போது இருநூற்று ஐம்பத்து நான்கு. இடது காலும் அப்படியே, வலது காலும் அப்படியே. ஒன்பது வருடமாக இதே வேலை பார்க்கிறவளுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறலாம், தூக்கக் கலக்கத்தில் இரண்டு கூடத் தவறலாம். எட்டு தவறினால் ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய ஷூக்களை வாங்கித் தைத்து, பாலிஷ் போட்டு விற்கிற குடோன் ஒன்றிலிருந்து திங்கட்கிழமை அவள் வீட்டு மாடிக்கு ஒரு மூட்டை வரும். நம்பர் தெரிகிற ஷூக்கள் நேராகக் கடைக்குப் போய்விடும். நாக்கிலும் அடியிலும் நம்பர் தேய்ந்துபோனவை மட்டும்தான் அவளிடம் வரும். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் வெட்டிய ஒரு துண்டை ஷூவுக்குள் நுனி முட்டும்வரை தள்ளுவாள். குதிகால் பக்கம் கட்டைவிரல் நகத்தால் பிடித்துக்கொண்டு உருவுவாள். மேஜை விளிம்பில் திருகி வைத்த இரும்பு ஸ்கேலில் அதை வைத்துப் பார்த்து, விரல் அசைய இடம் என்று பதினான்கைக் கழித்து, மிச்சத்தைச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் தேடுவாள். அடியில் சாக்பீஸால் நம்பரை எழுதி, சுவரோரம் நுனி சுவரைப் பார்க்கும்படி வரிசையாக வைப்பாள். கட்டு போடுவதற்கு முன்னால் ஒரு முறை சரிபார்ப்பாள். வார இறுதியில் வேன் டிரைவர் வந்து அள்ளிக்கொண்டு போவான். அவளை 'அளவக்கா' என்று கூப்பிடுவான். அந்தத் தெருவில் அவளை ஏதாவது சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான்.

இந்த ஜோடி மூட்டையின் அடியில் கிடந்தது. பழுப்பு நிறத் தோல், கயிறு கட்டுகிற ரகம், அடிப்பாகம் நன்றாக நடந்து தேய்ந்தது. நம்பர் தேய்ந்துபோன இடத்தில் எப்போதும் ஒரு பள்ளமாவது, மை கசிந்த கறையாவது மிஞ்சும். இதில் நம்பர் இருந்த சுவடே இல்லை. அதைவிட, உள்ளே விரல் பதிந்த தடமும் இல்லை. பழைய ஷூ என்றால் உள்ளே ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருக்கும். முன்னால் போட்டவர் கோணல் நடையா, கனத்த ஆளா என்று அவள் அதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இவ்வளவு தேய்ந்த ஷூவில் உள்ளே மட்டும் யாரும் குடியேறாத வீடு மாதிரி சுத்தமாக இருந்தது.

அதனால்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். ஷூவில் சொந்தக் காலை விடக்கூடாது என்பது குடோனின் முதல் சட்டம். கால் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் வீங்கி ஒரு அளவு; அதை நம்பி நம்பர் போட்டால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று குடோன் மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூட மீறியதில்லை. ஆனால் அன்று, செவ்வாய்க்கிழமை காலை, தரை ஜில்லென்றிருந்தது, ஆறு அவளுடைய நம்பர்தான், பார்ப்பதற்கும் ஆளில்லை. காலை உள்ளே விட்டாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு மதியம்வரை அதோடுதான் வீட்டுக்குள் நடமாடினாள். வெகு நாளைக்கப்புறம் அந்த வீட்டில் காலடிச் சத்தம் கேட்டது அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் அவளுக்கு எல்லாமே ஆசையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் பண்ணியிருந்தாள். ஆறு வருடமாக நேரில் பார்க்காத தங்கை, தூரத்து ஊரில் குடும்பம், எப்போதாவது ஒரு போன். அவள்தான் இந்த முறை கேட்டாள்.

"பசங்க வெளியூர் போயிட்டாங்கக்கா. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, எங்களோடவே வந்து இருந்துடுறியா? சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். ஏதாவது சாக்கு சொன்னே, தூக்கிக் கார்ல போட்டுட்டு வந்துடுவேன், பாத்துக்கோ."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவருக்கும் சம்மதந்தான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. உங்கக்கா நல்லா நடமாடுறாங்கல்ல, படுத்த படுக்கைன்னா நம்மால பாக்க முடியாதேன்னாரு. நீ நல்லாத்தானே இருக்கே?"

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள். போனை வைத்தபிறகு சமையலறையில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். இந்தக் கேள்விக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது தங்கைக்குத் தெரியாது. தானாகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே ஐந்தாம் நம்பரோ ஆறாம் நம்பரோ, ஒரு ஜோடி ஷூவுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. மூட்டையை முடிக்க வேண்டும், துணிமணிகளைக் கட்ட வேண்டும். அந்த ஜோடியை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

புதன்கிழமை அது இருநூற்று நாற்பத்தொன்பது.

தோல் சுருங்கியிருக்கும் என்று நினைத்து வெளிப்பக்கம் அளந்தாள். வெளியே ஒரு நூல்கூடக் குறையவில்லை. அப்படியானால் நுனியில் ஏதாவது அடைத்திருக்க வேண்டும். பழைய ஷூவில் காகிதமும் பஞ்சும் சில சமயம் எலிக்குஞ்சும்கூடக் கிடைக்கும். ஷூவை வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்த்தாள். நுனி இருட்டாக இருந்தது. அதற்கு இப்பால், நேற்றுவரை துடைத்துவைத்த மாதிரி இருந்த தோலில், விரல் தடம் பதிந்திருந்தது. ஐந்து தடம். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் பாதி ஏறிப் படுத்த தடம்.

அவள் மெதுவாகத் தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் பாதி ஏறிப் படுத்திருந்தது.

நேற்று மதியம்வரை நாமே போட்டுக்கொண்டு திரிந்தால் நம் தடம் விழாமல் பக்கத்து வீட்டுக்காரி தடமா விழும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு வெறும் சுவர்களில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. எழுந்து டீ போடப் போனபோது வீட்டுச் செருப்பு காலிலிருந்து நழுவியது. இரண்டு முறை நழுவியது. இளைத்துவிட்டோம் போலிருக்கிறது, தங்கை பார்த்தால் திட்டுவாள் என்று நினைத்து, வாரை இழுத்து ஒரு துளை தள்ளி மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது. மதியமே சாயங்காலம் மாதிரி மங்கிப்போன வெளிச்சம். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது, தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. தோலும் பாலிஷும் பழைய வியர்வையும் கலந்த அந்த வழக்கமான வாடையில் இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது, போர்வைக்குள்ளிருந்து காலை எடுத்தவுடன் வருமே, அப்படி ஒரு வெதுவெதுப்பான ஆள் வாடை. சுவரைப் பார்த்தபடி நாற்பது ஜோடி வரிசையாக நின்றது. ஒன்பது வருடமாக அவளே வைக்கிற வரிசைதான். இன்றைக்கு அதற்கு முதுகைக் காட்டி உட்கார அவளால் முடியவில்லை. மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பட்டையை உள்ளே தள்ளினாள். முட்டியது. இருநூற்று முப்பத்தெட்டு. ஷூவின் நுனியில் முட்டினால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அந்தச் சத்தம் அவள் காதுக்கு அத்துப்படி. இன்று சத்தமில்லை. மெத்தென்று போய் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கொஞ்சம் உள்வாங்கிக் கொடுத்தது. பிறகு பட்டை திரும்பி வந்தது. அவள் கையை எதிர்த்து, நிதானமாக, ஒரு நகத்தளவு வெளியே வந்து நின்றது.

கால் விரலை நீட்டி மடக்குகிறவர்கள் தள்ளுகிற மாதிரி.

ஷூ கையிலிருந்து விழுந்தது. விழுந்த சத்தம் காலி ஷூவின் சத்தமாக இல்லை. ஏன் என்று தனக்கே தெரியாமல், தன் பாதத்தைத் தூக்கி ஸ்கேலின்மேல் வைத்தாள். அவள் கால் இருநூற்று நாற்பத்தெட்டு. பதினெட்டு வயதிலிருந்து அதேதான்.

இப்போது இருநூற்று இருபத்து நான்கு.

அறுபத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு போனால் இருபத்து நான்கு. நாற்பத்தெட்டிலிருந்து இருபத்து நான்கு போனாலும் இருபத்து நான்கு. கணக்கு தப்பவில்லை. அங்கே எவ்வளவு நிறைந்திருக்கிறதோ, இங்கே அவ்வளவு குறைந்திருந்தது.

வலி இல்லை. வலித்திருந்தால்கூட டாக்டரிடம் ஓடியிருப்பாள். பாதம் பாதமாகவே, ஒரு சிறுமியின் பாதமாக, வெடிப்பும் காய்ப்புமாய் அப்படியே சுருங்கி இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது அவளுக்குத் தன்மேலேயே பரிதாபமாக வந்தது. தங்கைக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் தங்கை.

"சொல்லுக்கா. பேக் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டிருக்கேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு ஏதாச்சும்..."

அவள் தன் காலைப் பார்த்தாள். என்னவென்று சொல்வது? கால் சின்னதாகிக்கொண்டே போகிறது என்றா? தனியாக இருந்து இருந்து அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதானே நினைப்பாள். அவள் நினைக்காவிட்டாலும் அவள் புருஷன் நினைப்பான். இரண்டு நாள். இரண்டே நாள் ஒப்பேற்றிவிட்டால் போதும்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். நீ சீக்கிரம் வா."

வெள்ளிக்கிழமை காலை எழுந்து நின்றவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஷூவை அளந்தாள். இருநூற்றுப் பத்து. அதைத் தூக்கக் கனத்தது. காலை அளந்தாள். அட்டவணையின் முன்பக்கத்தில் அந்த எண் இல்லை. தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். குழந்தைகள் அட்டவணை.

அந்த ஜோடியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அப்புறம் இருந்தது. குடோனுக்குப் போன் பண்ணி, நாளைக்கு ஒரேயடியாகத் தங்கை ஊருக்குப் போவதால் இன்றே வேனை அனுப்பச் சொன்னாள். பத்து ஜோடியாகக் கட்டி, அந்தச் சனியனை ஒரு கட்டின் நடுவில் செருகினாள். மூன்று மணிக்கு டிரைவர் மாடிப்படி ஏறி வந்தான். அவன் உள்ளே வரும் முன்பே அவள் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையைக் காலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அளவக்கா, நிரந்தரமா கிளம்புறீங்களாமே? எங்களையெல்லாம் மறந்துடுவீங்க."

"உன்னை எப்படிப்பா மறப்பேன். சீக்கிரம் எடுத்துட்டுப் போ."

கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வேன் கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பதில் படியில் மறுபடி காலடிச் சத்தம். டிரைவர் கையில் அந்த ஜோடி.

"இது நம்பர் போடாம வந்துடுச்சுக்கா. நம்பர் இல்லாத சரக்க எடுத்துட்டுப் போனா மேனேஜர் என் தலைய உருட்டிடுவாரு."

"போட்டேனே. ஆறுன்னு போட்டேனே."

"எங்க? பாருங்க."

அடிப்பாகத்தில் எழுத்தே இல்லை. அவள் சாக்பீஸை எடுத்தாள். ஆறு என்று எழுதினாள். எழுதும்போதே எழுத்து ஈரத்தில் கரைந்து வழிந்தது. கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். அந்தத் தோல் வியர்த்துக்கொண்டிருந்தது. ஐந்து என்று எழுதினாள், நான்கு என்று எழுதினாள், எதுவும் நிற்கவில்லை.

"ஈரமா இருக்குக்கா. விடுங்க, காயட்டும். அப்புறமா ஆள் விட்டு எடுத்துக்கலாம்" என்று சொல்லி அவன் ஷூவை வாங்கிக் காலியான சுவரோரம் கொண்டுபோய் வைத்தான். "கனமால்ல இருக்கு, என்ன தோலுக்கா இது?"

"தம்பி, இதை மட்டும் எப்படியாவது..."

"உடம்பப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டான். வேன் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்வரை அதன் சத்தத்தை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெறிச்சோடிய ஹாலில் அந்த ஒரு ஜோடி மட்டும் நின்றது. யாரோ சுவரில் நெற்றியை வைத்து எதையோ எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி.

அவள் அன்று அதன்பிறகு ஹாலுக்குப் போகவில்லை. படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டிலில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போது கண்ணயர்ந்தாளோ தெரியாது.

கண் விழித்தபோது சனிக்கிழமை மதியம் தாண்டியிருந்தது. மூன்றே முக்கால். நல்ல வெயில். அறை முழுக்க வெளிச்சம். பயப்பட ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வெளிச்சம். எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எழுந்திருப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. போர்வை அங்கே தட்டையாகக் கிடந்தது.

அதை விலக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஹாலில் கயிறு இறுகும் சத்தம் கேட்டது. தோலின் துளைகளுக்குள் கயிறு உரசி ஏறும் சத்தம். ஒரு கால். பிறகு இன்னொரு கால். முடிச்சு.

அப்புறம் ஓர் அடி.

இன்னோர் அடி.

பழகாத காலின் நடை. சுவரோரமாகவே நடந்தது. திரும்பியது. மறுபடி நடந்தது. மூன்றாவது நடையில் தயக்கம் போய்விட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்துவைக்கிற நடை. அவள் நடை.

கீழே கார் வந்து நின்றது. கதவு சாத்தப்பட்டது. "அக்கா!" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டாள் தங்கை. ஆறு வருடம். கட்டிலில் கிடந்தவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும்.

வாசல் தாழ்ப்பாள் திறந்தது.

"அக்கா! ஐயோ, எவ்வளவு இளைச்சுட்டே!"

பதில் கேட்கவில்லை. அணைத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. துணியோடு துணி உரசும் சத்தம், தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நல்லா நடக்குறியேக்கா. அவரு வீணா பயந்தாரு. வா, வா, நேரமாச்சு. பொட்டி எங்க? வேண்டாம் விடு, எல்லாம் அங்க வாங்கிக்கலாம்."

காலடிகள் படியில் இறங்கின. இரண்டு பேர் காலடிகள். அவள் கட்டிலிலிருந்து விழுந்தாள். விழுந்தது வலிக்கவே இல்லை. முழங்கையை ஊன்றி, நகத்தைத் தரையில் பதித்து, தன்னை இழுத்தாள். ஜன்னல் தாழ்வானது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கை விரல்கள் கம்பியைச் சுற்றி வளைக்கப் போதவில்லை.

கீழே வெயிலில் தங்கை நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. தங்கையின் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். பழுப்பு ஷூ. அவளுடைய தோள். அவளுடைய கூன் விழுந்த முதுகு. அவளுடைய பின்னல்.

"கயிறு அவுந்திருக்கு பாருக்கா" என்று தங்கை தரையில் உட்கார்ந்து, அந்த ஷூவின் கயிற்றைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தாள். கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை பாசத்தோடு அவள் காலை யாரும் தொட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஜன்னலில் இருந்தபடி அவள் முழுப் பலத்தையும் கூட்டிக் கத்தினாள். ஒரு சின்னக் கீச்சுக்குரல் வெளியே போனது.

தங்கை நிமிர்ந்தாள். ஜன்னலை நேராகப் பார்த்தாள். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். பார்வை கம்பிமேல் போயிற்று, வந்தது.

"மேல ஏதோ சத்தம் கேட்டுச்சே. யாராவது இருக்காங்களா?"

நின்றிருந்தவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கன்னம் இருந்தது, நெற்றி இருந்தது, மூக்கு பாதி எழும்பியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடங்களில் தோல் இன்னும் பிரியாமல் மூடிக் கிடந்து, உள்ளேயிருந்து ஏதோ தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் பார்க்காத தங்கை அந்த முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"யாருமில்ல" என்றது அது, அவளுடைய குரலில். "நான் தனியாத்தானே இருந்தேன்."